சி-க்கும் சி-ஷார்ப்புக்கும் நடுவே

கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டை, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளால் பிரிந்த ஐந்தாவது இடத்தை, ஆள்காட்டி விரலால் அழுத்துங்கள். அது ஏ. அதே கம்பியில் எட்டாவது ஃப்ரெட்டில் சுண்டுவிரல், அது சி. ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது கம்பிகளில் ஐந்தும் ஏழும். இரண்டாவதிலும் முதலாவதிலும் மறுபடி ஐந்தும் எட்டும். ஏ, சி, டி, ஈ, ஜி என்ற ஐந்து சுரங்களும் இரண்டு ஸ்தாயிக்குச் சற்று மேலாக, நான்கு ஃப்ரெட் அகலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இதற்கு ஏ மைனர் பென்டடோனிக் என்று பெயர். ஐந்தாவது கம்பியில் ஆறாவது ஃப்ரெட்டையும் மூன்றாவது கம்பியில் எட்டாவது ஃப்ரெட்டையும் சேர்த்துக்கொண்டால் ஈ-ஃப்ளாட், அதாவது ஈ-க்கு அரைச் சுரம் கீழே உள்ளது, வந்து சேரும். ஐந்து சுரம் ஆறாகும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸுக்கு உரிய சுர வரிசை, ப்ளூஸ் ஸ்கேல், தயார். எந்தக் கிட்டார் பாடப் புத்தகத்தைப் பிரித்தாலும் இந்தக் கட்டத்தைக் கறுப்புப் புள்ளிகளாகப் போட்டிருப்பார்கள். ஈ-ஃப்ளாட்டுக்கு மட்டும் பெரும்பாலும் நீலப் புள்ளி. பக்கத்தில் ‘ப்ளூ நோட்’ என்று எழுதியிருக்கும்.

அந்த நீலப் புள்ளியோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ப்ளூஸின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று நம்பி, போகிற வருகிற வாக்கியத்திலெல்லாம் அதை ஒரு மிதி மிதித்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். அந்தச் சுரத்தைக் குறை சொல்லவில்லை. அது காரமானது, அளவாகப் போட்டால் நன்றாகவே இருக்கும். ஆனால் கற்றுக்கொள்கிறவரின் கவனம் போகவேண்டிய இடம் வேறு. அது புத்தகத்தில் சாதாரணக் கறுப்புப் புள்ளியாக, யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடக்கிறது.

லீட் கிட்டார், அதாவது ஒற்றைச் சுரங்களால் பாடகர்போல வாசிப்பது, கற்க உட்கார்ந்தபோது எனக்கு நாற்பது வயது கடந்திருந்தது. பாடுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) பிடிப்பது கல்லூரிக் காலத்திலேயே கைவந்திருந்ததால் விரல் நுனிகள் காய்த்துத்தான் இருந்தன. ஸ்கேல் ஒரு மாலைப் பொழுதில் மனப்பாடமாகிவிட்டது. யாருக்கும் ஆகிவிடும். பிறகு ஏ7, டி7, ஈ7 கார்டுகள் சுழன்றுவரும் பின்னணி ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினால், கட்டத்தைக் கற்ற எல்லோருக்கும் நடப்பதுதான் நடக்கும்: மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, பள்ளி விட்டதும் பிள்ளைகள் மாடிப்படியில் ஓடுவதுபோல ஓட்டம். பென்டடோனிக்கில் அடுத்தடுத்த சுரங்களுக்கிடையே அரைச்சுர இடைவெளியே கிடையாது. அதனால் எங்கே கை வைத்தாலும் ஒப்பேறிவிடும். ஒப்பேறுவதால் காதுக்கு வேலையில்லை. காதுக்கு வேலையில்லாத சாதகம் விரலுக்குத் தேகப்பயிற்சி, அவ்வளவுதான்.

எங்கள் மாஸ்டர் ஒரு காலத்தில் ஹோட்டல் வாத்தியக் குழுக்களில் வாசித்தவர். பேச்சு குறைவு. கொஞ்ச நேரம் கேட்டார். “இரண்டு சுரம் போதும் தம்பி. ஏ, சி. பன்னிரண்டு பாரையும் இந்த இரண்டை வைத்துக்கொண்டே வாசித்துப் பாருங்கள்” என்றார். பார் என்பது நான்கு அடி கொண்ட ஒரு தாள அளவு.

இரண்டே சுரத்தில் என்னத்தை வாசிப்பது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வேறு போக்கிடம் இல்லாதபோது சி என்ற சுரத்தின் குணம் தெரியத் தொடங்குகிறது. பன்னிரண்டு பார் ப்ளூஸின் அமைப்பு எளிது. முதல் நான்கு பார் ஏ7. அடுத்த இரண்டு டி7, பிறகு இரண்டு ஏ7. ஒன்பதாவது பார் ஈ7, பத்தாவது டி7, பதினொன்றில் ஏ7, பன்னிரண்டாவதில் ஈ7 வந்து திரும்பவும் முதலுக்குத் தள்ளிவிடும். இப்போது ஏ7 என்ற கார்டுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: ஏ, சி-ஷார்ப், ஈ, ஜி. நம் ஸ்கேலில் இருப்பதோ சி. இரண்டுக்கும் அரைச் சுரம்தான் இடைவெளி. முதல் நான்கு பாரில் நீங்கள் வாசிக்கும் ஒவ்வொரு சி-யும் பின்னால் ஒலிக்கும் சி-ஷார்ப்போடு உரசுகிறது. மேஜர் கார்டின் மேல் மைனர் மூன்றாம் சுரத்தைக் கொண்டுபோய் வைப்பது ஐரோப்பிய இசை இலக்கணம் படித்தவர்களுக்கு முகம் சுளிக்கவைக்கும் காரியம். ப்ளூஸ் அந்த உரசலின் மேல்தான் வீடு கட்டிக்கொண்டிருக்கிறது.

ஐந்தாவது பாரில் டி7 வருகிறது: டி, எஃப்-ஷார்ப், ஏ, சி. விரல் நகரவில்லை, சுரம் மாறவில்லை. ஆனால் இதுவரை முறைத்துக்கொண்டிருந்த சி இப்போது அந்தக் கார்டின் சொந்தச் சுரம். ஏழாவது பாரில் ஏ7 திரும்பியதும் மறுபடி உரசல். ஒன்பதாவது பாரில் ஈ7 வரும்போது தகராறு வேறிடத்துக்கு மாறுகிறது: அந்தக் கார்டில் ஜி-ஷார்ப் இருக்கிறது, நம் ஸ்கேலில் இருப்பது ஜி. ஸ்கேல் ஒன்றாகவே இருக்க, காலடியில் தரை மாறிக்கொண்டே இருக்கிறது. ஸ்கேலை மட்டும் தனியாக வைத்துப் படிக்கிறவருக்கு இது எந்தக் காலத்திலும் தெரியவராது. மாஸ்டர் ஒலிப்பதிவு இல்லாமல் ஸ்கேல் வாசிக்கவே விடமாட்டார். அதுவும் கையில் கிடைக்காவிட்டால் வாயால் கார்டின் அடிச் சுரத்தைப் பாடிக்கொண்டு வாசிக்க வேண்டும்.

அவர் அந்த சி-யை வாசிப்பதை அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மூன்றாவது கம்பி, ஐந்தாவது ஃப்ரெட். ஆள்காட்டி விரல் அழுத்தியிருக்கும். பிக்கால் (கம்பி மீட்டும் சிறு வில்லையால்) தட்டிய மறுநொடி விரல் கம்பியைத் தரைப் பக்கமாக இழுக்கும். இழுத்தது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கம்பி நகர்வது ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். சுரம் சி-யிலிருந்து கிளம்பி சி-ஷார்ப்பைப் பார்த்து நகரும். ஆனால் போய்ச் சேராது. நடுவில், ஃப்ரெட் எதுவும் இல்லாத இடத்தில், நின்றுவிடும். அடுத்தாற்போல் டி7 வரும்போது அதே விரல், அதே ஃப்ரெட், இழுப்பு இல்லை. வளைக்காமல், நேராக ஒரு சி. காரணம் கேட்டதற்கு, “அங்கே இழுத்தால் அசிங்கமாக இருக்கும்” என்பதற்கு மேல் அவர் விளக்கம் தரவில்லை. விளக்கம் மேலே சொன்ன கார்டுக் கணக்கில் இருக்கிறது.

ஃப்ரெட் என்பது ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டிவைத்த ஏற்பாடு. சி-க்கும் சி-ஷார்ப்புக்கும் நடுவே அது எதையும் தருவதில்லை. ப்ளூஸ் எங்கிருந்து வந்ததோ அந்த மனிதர்களின் குரலுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. அடிமைமுறை ஒழிந்த பிறகும் குத்தகைக் கடனில் மாட்டிக்கொண்டு மிஸிஸிப்பி டெல்டாவின் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்கள், வேலை செய்யும்போது குரலெடுத்துக் கூவிய பாட்டுகளில் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் வழுக்கிக்கொண்டே இருந்தன. டபிள்யூ. சி. ஹேண்டி என்ற இசைக்குழுத் தலைவர் 1903 வாக்கில் டட்வைலர் என்ற சிற்றூரின் ரயில் நிலையத்தில், தாமதமான ரயிலுக்காகக் காத்திருந்து கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது பக்கத்தில் கந்தல் உடையில் ஒரு மனிதன் கத்தியைக் கம்பிமேல் அழுத்தி நகர்த்தியபடி கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். ஒரே வரியை மூன்று முறை பாடி, கிட்டாரால் அதற்குப் பதில் சொன்னான். 1941-இல் வெளிவந்த தன் சுயசரிதையில் ஹேண்டி இதை எழுதியிருக்கிறார். கத்தி, கம்பியைத் தொட்டுக்கொண்டே நழுவும். ஃப்ரெட் இருந்தும் இல்லாததுபோலத்தான். எந்த நடு இடத்திலும் நிற்கலாம்.

ஹேண்டி பிற்பாடு ‘மெம்ஃபிஸ் ப்ளூஸ்’ (1912), ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ (1914) என்று எழுதி அச்சிட்டார். அந்த வழுக்கலைத் தாளில் எப்படிக் கொண்டுவருவது? மேஜர் பாட்டில் மூன்றாம் சுரத்தையும் ஏழாம் சுரத்தையும் அரைச் சுரம் இறக்கி எழுதினார். கவனியுங்கள்: மூன்றும் ஏழும். பழைய பாடகர்கள் ஐந்தாம் சுரத்தையும் சில நேரம் வழுக்கியிருக்கிறார்கள்தான். 1940-களில் பீபாப் என்ற புதுப் பாணி ஜாஸ்காரர்கள் அதைப் பெரிதாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு சுரத்தை வரிசைப்படுத்தி அதுதான் ப்ளூஸ் ஸ்கேல் என்று கட்டம் போட்டுக் கொடுத்தது பாடம் நடத்த வந்தவர்கள் செய்துகொண்ட வசதி. அந்த வசதியில் ஈ-ஃப்ளாட்டுக்கு நீலப் பட்டம் கிடைத்தது. நகரும் தன்மையுள்ள சி, அசையாத புள்ளியாகிவிட்டது.

எங்கள் வீட்டில் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டது அக்கா. வாய்ப்பாட்டு முறையாகக் கற்றவள். ஒருநாள் நான் ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ஸ்கேல் வாசித்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்து, “இது சுத்த தன்யாசிதானே? பஞ்சமத்துக்குப் போகிற வழியில் எதற்கடா பிரதி மத்யமத்தைப் போய் மிதிக்கிறாய்?” என்றாள். சரியாகத்தான் சொன்னாள். ஏ-யை ஷட்ஜமமாக வைத்தால் மைனர் பென்டடோனிக், ச க ம ப நி: சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். சுத்த தன்யாசியின் சுரங்கள் அவையேதான். முத்தையா பாகவதரின் ‘ஹிமகிரி தனயே’ தெரிந்தவர்கள் கிட்டாரில் அந்த ஐந்து சுரங்களைக் கேட்டால் காது உடனே அடையாளம் கண்டுகொள்ளும். ஈ-ஃப்ளாட்தான் அவள் சொன்ன பிரதி மத்யமம்.

இரண்டும் ஒன்று என்று சொல்லிப் பூரித்துப்போகிற கட்சியில் நான் இல்லை. சுரம் ஒன்றாக இருப்பதால் இசை ஒன்றாகிவிடாது. ஆனால் அக்கா செய்த ஒரு சோதனை எனக்கு நிறையப் புரியவைத்தது. பின்னணியை ஓடவிட்டு, அதன்மேல் சுத்த தன்யாசியைப் பாடிப் பார்த்தாள். முதல் நான்கு பார் சுகமாகப் போயிற்று. டி7 வந்ததும் நிறுத்திவிட்டாள். “சுருதி எங்கேயடா போகிறது?” தம்புராவின் ஷட்ஜமம் கச்சேரி முடியும்வரை அசையாது, அதை நம்பித்தான் ராகம் நிற்கிறது. இங்கே ஐந்தாவது பாரில் அடித்தளமே மத்யமத்துக்குப் பெயர்ந்துவிடுகிறது. இன்னொன்றையும் அவள்தான் சொன்னாள்: நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாமலே அந்தர காந்தாரம் (நம் ஏ ஷட்ஜமத்துக்கு அது சி-ஷார்ப்) தானாகக் கேட்கும். அப்படியென்றால் சாதாரண காந்தாரம் பாடும்போதெல்லாம் பின்னால் மெல்லிய நிழலாக அந்தர காந்தாரமும் இருக்கிறது. ஏ7 கார்டில் அந்த நிழல் இல்லை. சி-ஷார்ப்பை ஆளே வந்து தட்டி ஒலிக்கவைக்கிறார். காந்தாரத்தை எவ்வளவு உயர்த்துவது என்ற கேள்வி அதனால் இங்கே இன்னும் கூர்மையாகிறது.

சரி, கைக்கு வருவோம். கம்பியைத் தள்ளுவது, அதாவது பெண்டிங், கற்காமல் இதில் ஒன்றும் நடக்காது. தொடங்கவேண்டிய இடம் மூன்றாவது கம்பி ஏழாவது ஃப்ரெட்: டி. அதை மோதிர விரலால் அழுத்தி, நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதே கம்பியில் பின்னால் துணைக்கு வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்த்து மேலே தள்ளி ஈ-க்குக் கொண்டுபோக வேண்டும். தனி விரலின் பலத்தால் தள்ளினால் கொஞ்ச நாளிலேயே மூட்டு வலிக்கும். கட்டைவிரல் கழுத்தின் மேல் விளிம்பைப் பற்றியிருக்க வேண்டும், ஆள்காட்டி விரலின் அடிப்பாகம் கீழ் விளிம்பில் ஊன்றியிருக்க வேண்டும், திரும்புவது மணிக்கட்டு. ஈ சரியாக வந்ததா என்று பார்க்க இரண்டாவது கம்பி ஐந்தாவது ஃப்ரெட்டை வாசியுங்கள். அதுவும் ஈ-தான். இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கவேண்டும். பெரும்பாலும் தள்ளியது குறைவாகவே இருக்கும். கம்பி மெலிந்ததாக இருந்தால் எளிது. மெல்லிய கம்பி 0.009 அங்குலம் இருக்கிற கட்டு தொடங்குகிறவருக்குப் போதும். ப்ளூஸ் கிட்டார்காரர் ஸ்டீவி ரே வான் 0.013 கம்பியில் வாசித்தார் என்று கேள்விப்பட்டு அதை வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம். அவர் கிட்டார் முழுவதையும் அரைச் சுரம் இறக்கி வைத்திருந்தார். விரலும் அவருடைய விரல்.

தள்ளுவதற்கு முன் ஈ-யை வாயால் பாடிக்கொண்டால் கை தானாக அங்கே போகும். பாடாமல் தள்ளினால் கண்மூடித்தனம்தான். சுருதி பார்க்கும் கருவியின் முள்ளை வெறித்துக்கொண்டு தள்ளிப் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். முழுச் சுரத்துக்கு அது உதவும். சி-க்கும் சி-ஷார்ப்புக்கும் நடுவில் எங்கே நிற்கவேண்டும் என்று முள் சொல்லாது, காது ஒன்றுதான் துணை.

டெல்டா ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் நள்ளிரவில் நாற்சந்தியில் சாத்தானுக்கு ஆன்மாவை விற்று வாசிப்பு வாங்கிக்கொண்டார் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். 1936, 1937 ஆண்டுகளில் 29 பாடல்களைப் பதிவு செய்துவிட்டு 1938-இல் 27 வயதில் இறந்துபோனவர். கதை கட்டத் தோதான வாழ்க்கை. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஐக் சிம்மர்மன் என்ற கிட்டார்காரர். சாத்தானுக்குப் போன புகழில் கொஞ்சமாவது அந்த வாத்தியாருக்குப் போயிருக்கலாம்.

லீட் கிட்டார் இன்றைய உருவத்துக்கு வந்தது மின்சாரத்தால்தான். மரக் கிட்டாரில் ஒரு சுரம் தட்டினால் சீக்கிரம் அடங்கிவிடும். கூட்டத்தில் காதில் விழாது. 1939-இல் சார்லி கிறிஸ்டியன், பென்னி குட்மனின் ஜாஸ் குழுவில் சேர்ந்து மின் கிட்டாரில் சாக்ஸஃபோன்போல ஒற்றைச் சுரங்களை வாசித்தார். டெக்ஸாஸைச் சேர்ந்த டி-போன் வாக்கர் அதே காரியத்தை ப்ளூஸுக்குள் செய்தார். 1943-இல் மிஸிஸிப்பியை விட்டு சிகாகோவுக்குப் போன மடி வாட்டர்ஸ், அங்கிருந்த மதுக்கூடங்களின் இரைச்சலுக்கு மரக் கிட்டார் எடுபடாது என்று மின் கிட்டாருக்கு மாறினார். சுரம் நீண்டு ஒலிக்கத் தொடங்கியதும் அதைத் தள்ளவும், நடுங்கவைக்கவும், பாடகர்போல இழைக்கவும் நேரம் கிடைத்தது.

அந்த நேரத்தை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டவர் பி. பி. கிங். 1925-இல் மிஸிஸிப்பியில் பிறந்து, மெம்ஃபிஸ் வானொலியில் பாடியும் அறிவித்தும் பெயரெடுத்தவர். அவருடைய உறவினர் புக்கா வைட் உலோகக் குழலைக் கம்பிமேல் நகர்த்தி வாசிப்பதில் பேர்போனவர். அந்த ஒலி வேண்டும், ஆனால் குழலைப் பிடிக்கத் தனக்கு வரவில்லை என்பதால்தான் விரலைத் துடிக்கவைத்து வைப்ரேட்டோ செய்யத் தொடங்கியதாக கிங் பலமுறை சொல்லியிருக்கிறார். பாடும்போது அவர் கிட்டார் வாசிப்பதில்லை. பாட்டின் ஒரு வரி ஏறக்குறைய இரண்டு பார் ஓடும். மீதி இரண்டு பாரில் கிட்டார் பதில் சொல்லும். 1964 நவம்பரில் சிகாகோவில் பதிவான ‘லைவ் அட் த ரீகல்’ இசைத்தொகுப்பைக் கேட்டால் இந்தப் பேச்சும் மறுபேச்சும் பளிச்சென்று தெரியும். லீட் வாக்கியங்கள் ஏன் குட்டையாக இருக்கவேண்டும் என்பதற்கு வேறு பாடமே தேவையில்லை. இரண்டு பார் வாசி, இரண்டு பார் சும்மா இரு. எனக்குச் சும்மா இருப்பதற்குத்தான் அதிகப் பயிற்சி வேண்டியிருந்தது. கை நமநமவென்று இருக்கும்.

கிங் பெரும்பாலும் புழங்கிய இடத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள், ‘பி. பி. பாக்ஸ்’ என்று. ஏ-யில் வாசித்தால் அது இரண்டாவது கம்பியின் பத்தாவது ஃப்ரெட்டில் தொடங்கும்; அங்கே ஏ. இரண்டு ஃப்ரெட் தள்ளி, பன்னிரண்டாவதில் பி. நம் ஆறு சுரக் கட்டத்தில் பி என்ற சுரமே கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் மாஸ்டர் இப்போது எனக்குக் கொடுத்திருக்கும் பாடம் முழுவதும் அந்த ஒரே ஃப்ரெட்டில்தான். பி-யை அரைச் சுரம் தள்ளினால் சி. முழுச் சுரம் தள்ளினால் சி-ஷார்ப். சி இங்கே தள்ளுகிற அளவைப் பொறுத்தது; முதல் கட்டத்தில் புள்ளியாக இருந்தது இங்கே வெறும் தூரம்.

முதல் நான்கு பார் ஏ7-இல் சி-யைத் தாண்டி, சி-ஷார்ப்பைத் தொடாமல் நடுவே நிறுத்த வேண்டும். ஐந்தாவது, ஆறாவது பாரில் டி7. சரியாக அரைச் சுரம், அதற்குமேல் இம்மியும் கூடாது. ஏழாவதில் ஏ7 திரும்பும்போது துணிந்து சி-ஷார்ப்வரை போகலாம். வீடு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். ஒன்பதாவது பாரில் ஈ7. இங்கே தள்ளவே வேண்டாம், பி அந்தக் கார்டின் சொந்தச் சுரம், அப்படியே நீட்டி வாசிக்கலாம். பத்தாவதில் டி7, மறுபடி அரைச் சுரம். இதில் சிரமமானது ஐந்தாவது பார்தான். முழுச் சுரம் தள்ளுவதைவிட அரைச் சுரத்தில் நிறுத்துவது கடினம். இழுபடத் தொடங்கிய கம்பி கையையும் சேர்த்துக்கொண்டு மேலே போகப் பார்க்கும். அதற்கு மாஸ்டர் சொல்லும் வழி: நான்காவது பாரின் கடைசி அடியில் முதல் கம்பியின் எட்டாவது ஃப்ரெட்டை ஒருமுறை தட்டி, அந்த சி-யைக் காதில் வாங்கிக்கொண்டு, பிறகு பன்னிரண்டுக்குப் போய்த் தள்ளுவது.